தரையைத் தெரிவு செய்யுமுன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

சென்ற மாதம் மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு மண்டபத்தில் இரண்டு இளைஞர்கள் வெள்ளை நுரைத்தாளை விரித்து, அதன்மேல் மரநிறப் பலகைகளை ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டிருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. வெட்டிய விளிம்புகள் நேர்த்தியாக இருந்தன. "தரையில ஈரம் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். "நல்லாக் காய்ஞ்சு கிடக்கு அண்ணன், மூணு மாசமா மழையே இல்ல" என்றார் மூத்தவர். இருபத்து மூன்று வருடங்களாகத் தரை வேலை செய்துவரும் நான், ஒரு காலத்தில் இதே பதிலை ஒரு வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதை மறக்க முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.

நிறம் பொருந்தாமல் போவது, அளவு பிழைப்பது, மலிவைத் தேடி ஏமாறுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சொல்லாமலே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை பட்டாலே தாங்க முடியாத தவறுகள் வேறு இருக்கின்றன.

கச்சானில் பார்த்த தரையை மாரிக்கும் நம்புவது

கல்லடியில் ஒரு வீடு. மகன் சுவிற்சர்லாந்தில், தாய் மட்டும் இங்கே. விடுமுறைக்கு வந்திருந்த மகன், அங்குள்ள தன் வீட்டுத் தரையின் படத்தைத் தொலைபேசியில் காட்டி, அதே நிறத்தில் மரத்தரை வேண்டும் என்றார். மரநாரை அழுத்திச் செய்து, மேலே மரத்தின் படத்தை ஒட்டிய லமினேட் பலகை அது. ஆடி மாதம், கச்சான் என்னும் வறண்ட காற்று சுட்டெரித்த நாட்கள். நான் அசட்டையாக இருக்கவில்லை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைச் சீமெந்துத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் மூடி, ஓர் இரவு விட்டுப் பார்த்தேன். காலையில் உரித்தபோது ஒரு துளி நீரும் இல்லை. தரையின் நிறமும் மாறவில்லை. நம்பிக்கையோடு நானூறு சதுர அடிக்குமேல் பதித்துக் கொடுத்தேன்.

மார்கழியில் தாய் அழைத்தார். "தம்பி, இவ்விடத்த மிதிச்சா தரை கீழ போய் மேல வருது. ஒரு மணமும் மணக்குது" என்றார். போய்ப் பார்த்தபோது, பலகைகளின் பொருத்துகள் தேநீரில் நனைத்த விசுக்கோத்தைப் போல உப்பி நின்றன. சுவரோரப் பட்டையைக் கழற்றி முதற்பலகையைத் தூக்கினேன். அடியில் இருந்த நுரைத்தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் கீழே சீமெந்து கறுத்துக் கிடந்தது. அங்கங்கே உப்பு, அரிசி மாவைத் தூவியதுபோல் பூத்திருந்தது. பலகையின் முதுகில் பூஞ்சணம் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. கூரை ஒழுகவில்லை, குழாய் வெடிக்கவில்லை, வெள்ளமும் வீட்டுக்குள் வரவில்லை. தண்ணீர் முழுவதும் நிலத்திலிருந்து வந்திருந்தது.

அன்று வெளியே வந்து கைகழுவக் கிணற்றடிக்குப் போனேன். நீர் மட்டம் நிலத்திலிருந்து இரண்டடிக்குள் நின்றது. ஆடியில் அதே கிணற்றில் நீர் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று நான் பார்த்திருக்கவே இல்லை. வாளிக்கயிற்றில் ஈரம் ஊறிக் கறுத்திருந்த நீளத்தைக் கொண்டு கணித்தால், எட்டடியாவது கீழே இருந்திருக்க வேண்டும்.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். வருடத்து மழையின் பெரும்பகுதி நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டுவதால், நிலத்தடி நீர் அக்காலத்தில் விறுவிறென்று மேலேறிவிடும். கொங்கிரீட்டும் சீமெந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல அவை ஈரத்தை மேலே இழுக்கும். வெறும் சீமெந்துத் தரையில் அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போய்விடுவதால், வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது; அதிகம் போனால் பாய் விரித்த இடம் காலையில் சற்றுக் குளிர்ந்திருக்கும். அதே தரையை நுரைத்தாளாலும் பலகையாலும் மூடிவிட்டால், வெளியேற வழியற்ற ஈரம் பலகையின் அடியிலேயே தேங்கும். ஈரத்தைத் தேடிக் கறையானும் வரும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் மணல் இல்லை, களிமண் என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டிய வீடுகளில் ஈரம் வடிவதற்குக் காலம் இன்னும் கூடுதலாக எடுக்கும்.

ஆகவே என் தவறு சோதனை செய்யாமல் விட்டதன்று. சோதனையைத் தப்பான பருவத்தில் செய்ததே. ஆடியில் காய்ந்திருக்கும் தரை ஆடியைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். பொலித்தீன் துண்டைக் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில், குறைந்தது பதினாறு மணித்தியாலம், வெயில் படாத இடத்தில் ஒட்ட வேண்டும். மண்டபத்தின் நடுவில் ஒன்று, வெளிச்சுவரோரம் ஒன்று, குளியலறைச் சுவருக்கு அருகில் ஒன்று என மூன்று இடங்களிலாவது ஒட்ட வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது என்பவர்கள், மழைக்காலத்தில் கிணற்றில் நீர் எவ்வளவு மேலே வரும் என்று அயலவரிடம் கேட்கட்டும். சுவரின் அடியில் சுண்ணாம்பு உதிர்ந்த வரி இருக்கிறதா, உப்புப் பூத்த தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கட்டும். புதுவீடாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: புதிதாகப் போட்ட கொங்கிரீட் உலர்வதற்கு, அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று தொழிலில் மதிப்பிடுவோம். நான்கு அங்குலத் தரைக்கு நான்கு மாதம். குடிபுகும் நாளைக் குறித்துவிட்டு வருபவர்களுக்கு இது பிடிக்காத பதிலாக இருந்தாலும், நான் இதையே சொல்வேன்.

அத்திவாரம் போடும் நிலையில் இருப்பவர்களுக்கு இது மிக மலிவாகத் தீரும் காரியம். கிரவலை நன்றாக இடித்து இறுக்கி, கல்முனை குத்தாதபடி மேலே மணலைப் பரப்பி, அதன்மேல் 1000 கேஜ் பொலித்தீனை விரித்து, பொருத்தும் இடங்களில் நன்றாக மேற்படிய விட்டு ஒட்டி, ஓரங்களைச் சுவரின் ஈரத்தடுப்புப் படை வரை ஏற்றிவிட்டுக் கொங்கிரீட் போட்டால் போதும். அன்று சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, பிறகு ஈரத்தை அடைக்கத் தரை முழுவதற்கும் எபொக்சிப் பூச்சுப் பூச வேண்டிய நிலைக்கு வந்தவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் மரத்தோற்றம்தான் வேண்டும் என்றால், மரக்கோடு அச்சிட்ட போர்சலின் டைலைத் தெரிவு செய்யுங்கள். அது உறிஞ்சும் நீர் தன் எடையில் 0.5 வீதத்தைத் தாண்டாது; அடியில் ஈரம் வந்தாலும் உப்பாது. நீண்ட பட்டையாக வரும் இவ்வகை டைலைச் செங்கல் அடுக்குவதுபோல் அரைக்கு அரை மாற்றிப் பதிக்க வேண்டாம். நீளமான டைல் நடுவில் மெல்லியதாக வளைந்திருக்கும். ஒன்றின் நடுவும் மற்றதன் முனையும் சந்திக்கும் இடத்தில் விளிம்பு தூக்கி, பெருவிரல் தட்டும். மூன்றில் ஒரு பங்கு மாற்றிப் பதித்தால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இப்போது கடைகளில் வரும் கற்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த எஸ்பிசி பலகையும் தண்ணீரில் உப்பாது என்பது உண்மையே. ஆனால் அதன் கீழே தேங்கும் ஈரத்துக்கும் பூஞ்சண மணத்துக்கும் அந்த உண்மையால் பயனில்லை.

கல்லடி வீட்டுக்கு என் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பலகையின் விலை அவர்களுக்கு நட்டமாகவே போயிற்று. பலகையோடு வந்த துண்டுப்பிரசுரத்தில், நிலத்து ஈரத்தால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று சிறிய எழுத்தில் இருந்ததை, எல்லாவற்றையும் கழற்றி முற்றத்தில் அடுக்கிய பிறகுதான் வாசித்தேன்.

போர்சலினைப் பழைய முறையில் பதிப்பது

எங்கள் பக்கத்தில் டைலையும் மாபிள் என்றே சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயரைப் போலவே பதிக்கும் முறையும் பழையதாக நின்றுவிட்டது. முந்திய செரமிக் டைலின் முதுகு தண்ணீரை உறிஞ்சும். ஊறவைத்து, சீமெந்துக் கூழைத் தடவி வைத்தால் பிடித்துக்கொள்ளும். போர்சலினின் முதுகு அநேகமாக எதையும் உறிஞ்சாது. அதே கூழைத் தடவினால் காய்ந்தபின் தனியே கழன்று நிற்கும். நாணயக் குற்றியால் தட்டிப் பாருங்கள். பிடித்த டைல் கல்லைப் போலவும், பிடிக்காத டைல் வெறும் பானையைப் போலவும் ஒலிக்கும். இதற்கென விற்கும் டைல் பசையைப் பல்லுக்கரண்டியால் ஒரே திசையில் கோடிட்டு இழுத்து, பெரிய டைலானால் அதன் முதுகிலும் மெல்லியதாகத் தடவி வைக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அழுத்திவிட்டுப் போகும் மேசனைக் கண்டால், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். அந்த உருண்டைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தின்மேல் ஒருநாள் தேங்காய் துருவும் பலகை விழும், டைல் வெடிக்கும்.

சுவரோரம் சிறிது இடைவெளி விட்டு, அதைச் சுவரோரப் பட்டையால் மறைக்கவும் வேண்டும். சுவரோடு முட்ட முட்டப் பதித்த தரை, வெயிலில் விரிவதற்கு இடமில்லாமல், மண்டபத்தின் நடுவே கூடாரம் போல் கிளம்பியதை அக்கரைப்பற்றில் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பளபளப்பு

விறாந்தைக்கும் குளியலறைக்கும் வேண்டாம்.

டைலைக் கண்ணால் மட்டும் தெரிவு செய்வது

நாங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உலவுபவர்கள். கச்சான் காலத்து மத்தியானத்தில் வெறுந்தரையில் தலையணை போட்டுப் படுப்பவர்கள். பன்பாய் விரித்துப் பந்தி வைப்பவர்கள். தரையின் சுகத்தை எங்களுக்குக் காலும் முதுகும் சொல்ல வேண்டும். கடையில் மின்விளக்கின் கீழே நிறுத்தி வைத்த டைலைச் சப்பாத்துக் காலோடு நின்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது எனக்கு விளங்கவே இல்லை. ஒரு டைலை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். குசினியில் வைத்து, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலை வைத்துப் பாருங்கள். காலையில் கிழக்கு யன்னலோரமும், இரவில் உங்கள் வீட்டு விளக்கின் கீழும் வைத்துப் பாருங்கள். வீட்டில் மூட்டுவலியுள்ள முதியவர் இருந்தால் அவரையும் மிதிக்கச் சொல்லுங்கள். டைல் காலிலுள்ள சூட்டை விரைவாக இழுப்பதால்தான் வெயிலுக்கு இதமாக இருக்கிறது. மார்கழி விடியலில் அதே காரணத்தால் அவர்களுக்கு அது பிடிக்காது. அவர்களுடைய கட்டிலருகே ஒரு பாய் போடுவது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டால், அதற்காகத் தரை முழுவதையும் மாற்ற வேண்டியிராது.

முரட்டு முகமுள்ள டைல் வழுக்காது என்று வீடு முழுவதும் போடுபவர்களும் இருக்கிறார்கள். எழுவான்கரையில் காலோடு வரும் மணல் அந்த முரட்டில் போய்ச் சிக்கும். கூட்டுபவருக்குத்தான் அதன் வருத்தம் தெரியும். அதை வாசற்படிக்கும் கிணற்றடிக்கும் வைத்துக்கொண்டு, உள்ளே மங்கலான மழமழப்புள்ளதைப் போடுங்கள்.

பெட்டி இலக்கத்தைப் பாராமல் வாங்குவது

பெட்டியின் பக்கத்தில் நிறத்துக்கு ஓர் இலக்கமும் அளவுக்கு ஓர் இலக்கமும் அச்சிட்டிருக்கும். எல்லாப் பெட்டியிலும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து வீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சியதைக் கட்டிலின் கீழே வையுங்கள். அதே இலக்கம் பிறகு கடைக்கு வராது.

வெள்ளைக் குரவுட்

டைல்களின் இடுக்குகளை அடைக்கும் இந்தச் சாந்து ஒரு வருடம்கூட வெள்ளையாக இராது. சாம்பல் நிறம் போடுங்கள்.

விறாந்தையை மட்டமாக விடுவது

மட்டம் பிசகாமல் பதிப்பதில் பெருமைப்படும் மேசன், விறாந்தையிலும் அதையே செய்துவிடுவார். வாடைக் காற்றோடு வரும் சாரல் கிழக்கு விறாந்தையில் தேங்கி, வாசற்படியின் அடியால் மண்டபத்துக்குள் வரும். பத்தடி அகலத்துக்கு ஒன்றரை அங்குலமாவது முற்றத்துப் பக்கம் சரிய வேண்டும். டைல் வாங்கும் முன்பே, அடித்தளச் சீமெந்திலேயே இந்தச் சரிவைக் கொடுத்துவிட வேண்டும்.

நல்ல சீமெந்துத் தரையை உடைப்பது

போன வருடம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பழைய வீட்டைத் திருத்தப் போனேன். சிவப்புச் சாயம் கலந்து, கரண்டியால் அழுத்தித் தேய்த்த சீமெந்துத் தரை. பல தலைமுறைக் கால்கள் பட்டு, கதவடியில் மட்டும் சற்றுத் தேய்ந்து, மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல் கிடந்தது. மூத்த மகள் அதை உடைத்து டைல் போடச் சொன்னார். நான் ஈரம் பார்த்தேன். தரை மூச்சுவிட்டுக்கொண்டு நலமாக இருந்தது. தட்டிப் பார்த்தேன், எங்கும் பொள்ளல் இல்லை. சுவரோரம் இரண்டு வெடிப்புகள் மட்டுமே இருந்தன. அவற்றைக் கீறித் திறந்து, அதே சிவப்பைக் கலந்து அடைத்து, தரை முழுவதையும் கழுவி, காய்ந்தபின் மெழுகு தேய்த்துக் கொடுத்தேன். மூன்று நாள் வேலை. நான்காம் நாள் கருவிகளை எடுக்கப் போனபோது, டைல் கேட்ட அதே மகள் மண்டபத்து நடுவே, பாயும் இல்லாமல், குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு நித்திரையாக இருந்தார். கருவிப் பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.