யாழ்ப்பாணத்தை அகலமாகப் படம் பிடிக்க

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஆறு என்று சொல்லிக்கொள்ள மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். கடல், கடல்நீரேரி, வயல், பனங்கூடல் எல்லாம் கிடையாக விரிந்து கிடக்கின்றன. இப்படிப்பட்ட ஊரைச் சாதாரணப் படம் ஒன்றுக்குள் அடக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று வெளியே நின்றுவிடும். கோட்டையை எடுத்தால் பண்ணைக் கடல் விடுபடும், வீட்டை எடுத்தால் கிணற்றடி விடுபடும். அதனால் லீவில் போகிற பலர் போனில் பனோரமாவைத் தட்டி, நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அதோடு சரி என்று விட்டுவிடுகிறார்கள். போன் திரையில் அது நன்றாகத்தான் இருக்கும். ஊர் திரும்பி, சுவரில் மாட்டலாம் என்று பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் வேலிக் கதியால்கள் இரண்டாக முறிந்திருப்பதும், மாமாவுக்கு ஒரு கை குறைந்திருப்பதும் தெரியவரும்.

தனித்தனிப் படங்களாக எடுத்துவந்து பிறகு ஆறுதலாகக் கணினியில் ஒட்டுவதுதான் நல்ல வழி. எடுக்கிற வேலை சில நிமிடங்களில் முடியும். ஒட்டுவதைப் பத்துத் தடவை அழித்து அழித்துச் செய்யலாம். ஆனால் எடுத்ததில் பிழை இருந்தால் அடுத்த லீவுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே கவனம் முழுவதும் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும்.

எடுக்கும் முறை

போனையோ கமராவையோ நிமிர்த்திப் பிடியுங்கள். அகலம்தானே வேண்டும், படுக்கையாகப் பிடித்தால் என்ன என்று தோன்றும். அகலத்தைப் படங்களின் எண்ணிக்கை கொடுத்துவிடும். உயரத்தைக் கொடுக்க வேறு வழியில்லை. படுக்கையாகப் பிடித்து எடுத்தால் பனைமரத் தலைகள் வெட்டுப்பட்ட ஒரு ஒல்லியான பட்டிதான் மிஞ்சும்.

ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது திரும்பக் காட்ட வேண்டும். மென்பொருள் அந்தப் பொதுப் பகுதியில் ஒரே புள்ளிகளைத் தேடித்தான் இரண்டையும் பொருத்துகிறது. போனின் பிரதான லென்ஸ் நிமிர்ந்த நிலையில் ஏறக்குறைய 50 பாகை அகலத்தைப் பார்க்கும் என்பதால், அரைவட்டக் காட்சிக்கு 6 படங்கள் தாராளம். முழுச் சுற்றுக்கு 11 அளவில் போகும். முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் அரைவட்டத்துக்கே 10 படம் வேண்டும். போனில் இருக்கிற அதி அகல லென்ஸை, அதாவது 0.5 என்று காட்டுவதை, இந்த வேலைக்குத் தொடாதீர்கள். ஓரங்களை இழுத்துக் கெடுக்கும்.

அடுத்தது ஒளியளவைப் பூட்டுவது. தானியங்கியில் விட்டால் கடல் பக்கம் ஒரு வெளிச்சம், வீட்டுப் பக்கம் ஒரு வெளிச்சம் என்று போன் தன் பாட்டுக்கு மாற்றிக்கொண்டே போகும், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஐபோனில் திரையை நீளமாக அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் ‘ப்ரோ’ மோடில் போய் படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையையும் சேர்த்து நிலைப்படுத்தலாம். பூட்டும்போது காட்சியின் வெளிச்சமான பக்கத்தை வைத்துப் பூட்டுங்கள். இருளைப் பிறகு கொஞ்சம் தூக்கிவிடலாம், வெளுத்துப்போன வானத்தில் மீட்க எதுவும் இருக்காது. கமராவில் வானத்தைக் கருநீலமாக்கும் போலரைசர் வடிகட்டி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அகலப் படத்தில் வானத்தின் ஒரு துண்டு மட்டும் கருநீலமாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சுழலும் இடம். ஒரு கண்ணை மூடி, முகத்துக்கு முன்னால் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு தலையை இடம் வலமாக அசையுங்கள். விரல் பின்னால் உள்ள சுவரில் இடம் மாறுவது தெரியும். போனை நீட்டிய கையில் பிடித்து நாம் சுழலும்போது லென்ஸுக்கு நடப்பதும் இதுதான். தூரத்துக் கடலுக்கு இது பொருட்டே இல்லை. இரண்டு மீற்றருக்குள் படலைத் தூணோ விறாந்தைத் தூணோ இருந்தால் எந்த மென்பொருளாலும் சரியாக ஒட்ட முடியாது. முக்காலி இல்லாதவர்களுக்கு ஒரு மலிவான உபாயம் உண்டு: போனின் லென்ஸ் இருக்கும் முனையில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையில் சின்னப் பூட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். நிலத்தில் ஒரு கல்லை வைத்து, பூட்டு எப்போதும் அந்தக் கல்லுக்கு நேர்மேலே இருக்கும்படி, போனை அசைக்காமல் நீங்கள் அதைச் சுற்றி நடந்து எடுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். முக்காலியோடு போனாலும் சும்மா விடமாட்டார்கள், ஒழுங்கையில் அதை விரித்தால் “தம்பி, காணி அளக்க வந்தனீங்களோ?” என்று கேட்பார்கள். இன்னாருடைய பேரன் என்று சொல்லிவிட்டு எடுத்தால் சரி.

ஒவ்வொரு தொகுதி தொடங்கும்போதும் முடியும்போதும் உங்கள் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துவையுங்கள். இரண்டாயிரம் படங்களோடு வீடு திரும்பியபின் எது எங்கே தொடங்கியது என்று தேடும் வேலை மிச்சம்.

அசைகிறவை

ஆகஸ்டில் போகிறவர்கள் சோளகக் காற்றுக்குள் எடுக்கப் போகிறீர்கள். பனையோலை ஒரு கணம் நிற்காது. அதற்குப் பயப்படத் தேவையில்லை, படங்களை வேகமாக, நிறுத்தாமல் எடுத்தால் போதும். ஆட்கள்தான் பிரச்சினை. குறுக்கே ஓடுகிற பிள்ளை ஒரே படத்தில் மூன்று இடத்தில் நிற்கும்.

எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, அசைகிற முக்கியமான பொருளை ஒரு படத்தின் நடுவில் முழுதாக வைப்பது. அது இரண்டு படங்கள் சேரும் பகுதியில் விழவே கூடாது. நல்லூர்த் தேரை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர். தேர் தரித்து நிற்கும் நேரம் பார்த்து முதலில் தேரை மட்டும் நடுவில் வைத்து ஒரு படம், பிறகு அதே உயரத்தில் இடப்பக்கம் ஒவ்வொன்றாக, திரும்பி வந்து வலப்பக்கம் ஒவ்வொன்றாக. வரிசைப்படிதான் எடுக்க வேண்டும் என்று ஒட்டும் மென்பொருளுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. சனத்தின் தலைகள் அங்கங்கே இரட்டிக்கும், தேர் கெடாது. கோயிலுக்கு உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, வெளிவீதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்கள் உள்ளே போவதென்றால் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

எங்கே, எப்போது

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்கும் உள்ளே இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் உச்சிக்கு நேரே நிற்கும். அந்த நேரத்தில் எடுக்கும் படத்தில் நிழலும் இல்லை, உருவமும் இல்லை. ஐரோப்பாவின் கோடையில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். ஆறரை அளவில் சூரியன் போய்விடும், அடுத்த அரைமணியில் இருட்டு. அதனால் ஐந்து மணிக்கே இடத்தில் நில்லுங்கள். இன்னொன்று, குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். சில நிமிடம் வெளிக்காற்றில் வைத்தால் தானாகப் போகும்.

மாலைக்குக் கோட்டையின் மேல்மதில் நல்லது. போர்த்துக்கீசர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகத் திருத்தி எழுப்பிய கோட்டை. மேலே நின்றால் கடல்நீரேரி, பண்ணைப் பாலம், நகரம் எல்லாம் ஒரே வீச்சில் கிடைக்கும். ஆனால் நேரான நீள மதிலுக்குப் பக்கத்தில் நின்று அரைவட்டம் எடுத்தால் மதில் நடுவில் புடைத்து வாழைப்பழம்போல வளையும். மதில்கள் சந்திக்கும் கொத்தளத்தின் முனையில் நின்று வெளியே பார்த்து எடுத்தால் வளைவு கண்ணை உறுத்தாது. சூரியன் மறையும் பக்கத்தையும் அதற்கு எதிர்ப்பக்கத்தையும் ஒரே படத்தில் வைக்க ஆசைப்பட வேண்டாம். ஒளி வித்தியாசம் தாங்காது.

கோட்டைக்கு அருகிலேயே நூலகம். 1981இல் எரிக்கப்பட்டு, மீளக் கட்டப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு அரைவட்டம் தேவையில்லை. எதிரே இயன்றவரை பின்னால் போய், இரண்டு மூன்று படங்கள் எடுத்தால் முகப்பும் சரஸ்வதி சிலையும் நேராக நிற்கும். வெள்ளைச் சுவர் போனை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும், ஒளியளவைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.

தீவுப் பகுதிக்குப் போகும் வழியில், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் உள்ள வாணர் தாம்போதியில் இரண்டு பக்கமும் தண்ணீர். அழகு என்று வெறும் தண்ணீரையும் வானத்தையும் எடுத்தால் ஒட்டும்போது பொருத்தப் புள்ளியே கிடைக்காது. ஒவ்வொரு படத்திலும், அதுவும் சேரும் பகுதியில், வலைக்கம்போ வள்ளமோ தூரத்துப் பனையோ ஒன்று இருக்க வேண்டும். படம் பார்க்கிறவர் கண்ணுக்கும் அதே தேவைதான். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் இருந்து ஒட்டுப்படம் முயல வேண்டாம், ஆடும் படகில் சுழல்புள்ளி என்ற ஒன்றே கிடையாது. கரையில் இறங்கியபின் எடுங்கள்.

மணல்காட்டு மணல்மேடுகளுக்குக் காலை நேரம். சாய்ந்த வெயிலில்தான் மணலின் வரிகள் எழும். கீரிமலைக் கேணியில் ஆட்கள் குளிக்கும் நேரம் கமராவை வெளியே எடுக்காமல் இருப்பதே மரியாதை.

இராணுவ, கடற்படை முகாம்களைப் படம் எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பனோரமா எடுப்பவர் மறப்பது, சுற்றிக்கொண்டு வரும்போது முகாம் வாசலும் படத்துக்குள் வந்துவிடும் என்பதை. தொடங்கும் முன் முழு வீச்சையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். ட்ரோன் கொண்டுபோக நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டு வரும் தலையிடிக்கு அந்தப் படம் பெறுமதியில்லை.

வளவு

கோட்டையும் நல்லூரும் யார் எடுத்தாலும் இருக்கும். உங்கள் வளவை உங்களைத் தவிர வேறு யாரும் எடுக்கப் போவதில்லை. விற்றுவிடலாமா, இடித்துக் கட்டலாமா என்று குடும்பத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் இதை முதல் நாளே செய்யுங்கள். பற்றைகள் வெட்டும் முன் ஒன்று, வெட்டியபின் ஒன்று.

நான் பரிந்துரைப்பது நான்கு நிலைகள். படலைக்கு வெளியே, ஒழுங்கையில் நின்று இருபக்க வேலியும் தெரிய. முற்றத்தின் நடுவில் நின்று முழுச் சுற்று. விறாந்தையில் இருந்து வெளியே பார்த்து. கிணற்றடியில் நின்று வீட்டின் பின்பக்கம். நாற்சார் வீடு என்றால் நடு முற்றம் இந்த முறைக்கென்றே கட்டியதுபோல இருக்கும். ஆனால் தூண்கள் கிட்ட நிற்பதால் நூலும் பூட்டும் இங்கே கட்டாயம். மேகம் மூடிய நாளாகப் பாருங்கள். வெயில் எறித்தால் முற்றம் வெளுத்து, விறாந்தைக்குள் இருக்கிற அப்பம்மா இருட்டில் காணாமல் போவார்.

ஆட்களை நிறுத்துவதென்றால் கூட்டமாக நிறுத்த வேண்டாம். ஒருவர் கிணற்றடியில், ஒருவர் படியில், ஒருவர் மாமரத்தடியில் என்று பிரித்து நிறுத்தி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு படத்தின் நடுவில் வரும்படி எடுங்கள். தன் முறை முடியும்வரை அசையாதே என்று சின்னவர்களுக்குச் சொல்லலாம். பெரியவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை, அவர்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஒட்டுதல்

ஹியூகின் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படங்களை ஏற்றி, பொருத்தச் சொன்னால் பெரும்பாலும் தானே செய்துவிடும். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளுக்கு ஏற்கெனவே காசு கட்டுகிறவர்களுக்கு அதற்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது, வேறெங்கும் போக வேண்டாம். மைக்ரோசொஃப்ட் முன்பு இலவசமாகத் தந்த ஒட்டும் மென்பொருளை நிறுத்திவிட்டது. கண்ட கண்ட தளங்களில் இருந்து அதை இறக்காதீர்கள்.

மச்சான் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்கினால் அளவு சுருங்குவதோடு லென்ஸ் விபரமும் போய்விடும். ஹியூகின் காட்சிக் கோணம் என்ன என்று கேட்டு நிற்கும். நிமிர்த்திப் பிடித்த போன் படத்துக்கு 50 என்று கொடுத்தால் அதுவே திருத்திக்கொள்ளும். ஒட்டிய படத்தை எப்படி விரித்துக் காட்டுவது என்றும் தெரிவுசெய்ய வேண்டும். நேர்கோடுகளை நேராகவே வைக்கும் நேர்கோட்டு வீழ்ப்பு ஏறக்குறைய 100 பாகைவரை நன்றாக இருக்கும், நூலகம் போன்ற கட்டடங்களுக்கு அதைத் தெரிவுசெய்யுங்கள். அதற்கு மேல், உருளையின் மேல் சுற்றிய படத்தை விரித்ததுபோலக் காட்டும் உருளை வீழ்ப்பு. மேகத்திலும் அலையிலும் விழுந்த பொருத்தப் புள்ளிகளை நீக்கிவிட்டு மறுபடி பொருத்தினால் பாதிக் கோளாறு தீரும். இரட்டித்த ஆளை முகமூடி வசதியால் ஒரு படத்தில் மட்டும் மறைத்துவிடலாம். கடல் இருக்கிற படத்தில் அடிவானம் நேராக இருக்கிறதா என்பதைக் கடைசியில் ஒருமுறை பாருங்கள். சற்றே சரிந்திருந்தாலும் தண்ணீர் வழிவதுபோலத் தோன்றும்.

ஒட்டியபின் ஓரங்கள் கோணல் மாணலாக இருக்கும். வெட்டிவிடுவதே நல்லது. வெற்றிடத்தைத் தானாக நிரப்பும் வசதிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. வானத்துக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். வளவுப் படத்தில் வேண்டாம், இல்லாத மரத்தையும் இல்லாத வேலியையும் அது நட்டுவைக்கும்.

12 மெகாபிக்சல் போன் படங்கள் 6ஐ ஒட்டினால் அகலத்தில் ஏறக்குறைய 13,000 புள்ளிகள் வரும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் ஒரு மீற்றருக்குச் சற்று மேல். சுவருக்குப் போதும். உறவினருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒட்டாத மூலப்படங்களையும் தொகுதி தொகுதியாகப் பெயரிட்டு இரண்டு இடத்தில் வையுங்கள், அடுத்த மென்பொருள் இதைவிட நன்றாக ஒட்டக்கூடும்.