"பீடியை அப்புறம் பார்த்துக்கலாம்": குடி மறுவாழ்வு மையங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பாவம், குடியை விட்டுட்டுத் தவிக்கிறார். பீடியையும் பிடுங்கினா ஓடியே போயிடுவார்." மறுவாழ்வு மையப் பணியாளர்கள் மனதார நம்பிச் சொல்வது இது. இரக்கத்தில் வரும் பேச்சுதான். ஆனால் நோயாளிக்கு அதிகம் கெடுதல் செய்வதும் இதுவே.

அமெரிக்காவின் மினசோட்டாவில் குடி, போதைச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களில் பாதிப் பேரின் சாவு புகையிலை சார்ந்தது. மது சார்ந்தது மூன்றில் ஒரு பங்குதான். குடியிலிருந்து மீட்டு நுரையீரல் நோய்க்கும் மாரடைப்புக்கும் கொடுத்திருக்கிறோம்.

இரண்டையும் சேர்த்து விடச் சொன்னால் மறுபடி குடிப்பார் என்ற பயமும் பெரிதாகப் பேசப்படுகிறது. 2004-ல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சையின்போதே புகையை விட உதவி பெற்றவர்கள் நீண்ட நாள் மது, போதை இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. சற்றுத் தள்ளித் தொடங்குவதே குடிநோயாளிகளுக்கு நல்லது என்று காட்டிய ஆய்வும் உண்டு. சரி, தேதியை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பேச்சையே எடுக்காமல் விடுவதற்கு இது காரணமில்லை.

ஒழுங்காக நடந்தால் ஒரு பீடி என்று பரிசாகக் கொடுப்பதும், நோயாளியோடு நின்று புகைத்தபடி ஆலோசனை சொல்வதும் உடனே நிறுத்த வேண்டியவை.

"விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது அடுத்த தவறு. காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்று கேளுங்கள். அரை மணிக்குள் என்றால் பிடிப்பு கடுமை. 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் போதாமல் 4 தேவைப்படலாம். மெல்லும் முறையைச் செய்தே காட்டுங்கள்: மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சாதா சூயிங்கம்போல மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். "எனக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப் போட்டுவிடுவார். டீ, காபி குடிக்கும்போதும் வேண்டாம். புகையை விட உதவும் புப்ரோபியான் மாத்திரையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: குடியைத் திடீரென நிறுத்திய நாட்களில் அது வலிப்பு அபாயத்தைக் கூட்டும்.

ஹான்ஸ் (வாயில் ஒதுக்கும் புகையிலை) போடுபவரைப் "புகைக்காதவர்" என்று எழுதிவிடாதீர்கள். மையத்தில் புகைக்கும் பணியாளர்களுக்கும் இதே உதவியைக் கொடுங்கள். புகையிலையை விட ஆலோசனை தரும் 1800-11-2356 என்ற இலவச எண் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.