ஜெர்மனில் பொழுதுபோக்கைச் சொல்ல ‘கெர்ன்’ போதும்

ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் பெயர், வயது, நாடு, ஊர், மொழி, தொழில் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் வருவது ‘ஹொபி’, அதாவது பொழுதுபோக்கு. பலர் ‘மைன் ஹொபி இஸ்ட் லேஸன்’ (என் பொழுதுபோக்கு வாசிப்பு) என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். தவறில்லை. ஆனால் அதற்கு மேல் பேச்சு நகராது.

முதலில் கேள்வி. நண்பர் கேட்டால்: ‘வஸ் மஹ்ஸ்ட் டு இன் டைனர் ஃப்ரைட்ஸைட்?’ ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய்? தேர்வாளர் கேட்டால்: ‘வஸ் மஹன் ஸீ இன் ஈரர் ஃப்ரைட்ஸைட்?’ டு என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். இந்த மரியாதையை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து பதில். வினைக்குப் பின்னால் ‘கெர்ன்’ (விருப்பத்தோடு) சேருங்கள். இதன் ‘கெ’ ஆங்கில ‘கெட்’டில் (get) வருவது போல.

இஷ் லேஸெ கெர்ன் – எனக்கு வாசிக்கப் பிடிக்கும்.
இஷ் ஷ்பீலெ கெர்ன் கிரிக்கெட் – கிரிக்கெட் ஆடப் பிடிக்கும்.
இஷ் டன்ட்ஸெ நிஷ்ட் கெர்ன் – எனக்கு நடனமாடப் பிடிக்காது.

‘இஷ்’ஷில் வருவது முழு ‘ஷ்’ அல்ல. ‘ஹீ’ என்று மெல்லச் சிரிக்கும்போது நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே போகும் காற்று. எழுத்தில் காட்ட முடியாது, ஒலிப்பதிவு கேட்டே பழக வேண்டும்.

சில வினைகள் இரண்டாகப் பிரியும். டிவி பார்ப்பது ‘ஃபெர்ன்ஸேயன்’. ஆனால் வாக்கியத்தில் ‘இஷ் ஸேயெ கெர்ன் ஃபெர்ன்’. முதல் துண்டு கடைசிக்கு ஓடிவிடுகிறது. சைக்கிள் ஓட்டுவதும் இப்படியே: ‘இஷ் ஃபாரெ கெர்ன் ராட்’.

இனி நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். தமிழில் வினை கடைசியில் வரும். ஜெர்மனின் சாதாரண வாக்கியத்தில் அதற்கு இரண்டாம் இடம். எனவே நேரத்தை முன்னால் வைத்தால் ‘இஷ்’ பின்னுக்குப் போக வேண்டும்: ‘அம் வொஹனென்டெ ஷ்பீலெ இஷ் கெர்ன் கிரிக்கெட்’ (வார இறுதியில்). ‘அம் வொஹனென்டெ இஷ் ஷ்பீலெ’ என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒப்பிட ‘லீபர்’ (அதைவிட இது பிடிக்கும்), உச்சத்துக்கு ‘அம் லீப்ஸ்டன்’: ‘அம் லீப்ஸ்டன் கொஹெ இஷ்’ – சமைப்பதுதான் எல்லாவற்றிலும் பிடிக்கும்.

ஜெர்மனிக்கே போகிறவர்கள் ‘ஃபெர்-ஐன்’ என்ற சொல்லையும் எடுத்துப்போங்கள். கால்பந்து, பாட்டு, சதுரங்கம் எதுவானாலும் அங்கே அதற்கொரு மன்றம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருப்பதால் நடை, சைக்கிள், மலைப்பாதை என்று பலரும் வெளியே கிளம்பிவிடுவார்கள். அவர்களோடு பேச்சு வைக்க ‘வண்டர்ன்’ தெரிந்தால் நல்லது. ‘ர்’ரை லேசாகத் தொட்டுச் சொல்ல வேண்டும். பொருள் நெடுநடை.

பதில் சொன்னதும் ‘உன்ட் டு?’ (நீ?) என்று திருப்பிக் கேளுங்கள். ‘கொம்ஸ்ட் டு மிட்?’ (கூட வருகிறாயா?) என்று அழைத்தால் ‘யா, கெர்ன்!’ (ஓ, சந்தோஷமாக!). முடியாவிட்டால், ‘லைடர் ஹாபெ இஷ் கைனெ ட்ஸைட்’ – மன்னிக்கணும், நேரமில்லை.