ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் கெயின், வால்யூம் அல்ல

காரில் புதிதாக ஆம்ப்ளிஃபயர் மாட்டியவர்கள் முதலில் செய்வது கெயின் திருகை முழுதாக ஏற்றிவிடுவதுதான். சத்தம் வரும், கூடவே கரகரப்பும் வரும். ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் வோல்டேஜுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவது மட்டுமே கெயினின் வேலை. அளவு மீறினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட சிக்னலில் முதலில் கருகுவது பெரும்பாலும் பாவம், உச்ச ஒலிகளுக்கான அந்தச் சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர்தான்.

முதலில் பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் அணைத்து, ஈக்வலைசரை நடுவில் வையுங்கள். கெயினை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். நன்கு பழகிய, சுத்தமாகப் பதிவான ஒரு பாட்டைப் போட்டு ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். அப்புறம் கெயினை மெல்ல மெல்லத் திருப்புங்கள். குரல் பிசிறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் இறக்கினால் சரி. இனி அந்த முக்கால்தான் உங்கள் வால்யூமின் எல்லை.

காதை நம்பாதவர்களுக்கு மல்டிமீட்டர் இருக்கிறது (பேஸ் விஷயத்தில் நானும் காதை நம்புவதில்லை). ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை ஸ்பீக்கரின் ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 100 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 20 வோல்ட். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ், பேஸுக்கான சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் காட்டும் ஏசி வோல்ட் அந்த அளவைத் தொடும்வரை கெயினை ஏற்றுங்கள்.

பிறகு பேஸ் பூஸ்ட்டைத் தொட்டால், இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.