கிழித்த காலண்டர் தாளில் கிரேக்க வரலாறு எழுதுவது எப்படி?

ஆண்டுதோறும் டிசம்பரில் சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு தினசரி காலண்டர் வாங்குவேன். ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் ஒரே தாளில் இருக்கும். கிழித்த தாளை எறியாமல், அந்த நாளில் கிரேக்க நாட்டில் நடந்தவற்றையும் மறைந்தவர்களையும் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். துறைமுகத்தில் கிரேக்கக் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றிவிட்ட காலத்தில் தொற்றிக்கொண்ட ஆசை. நீங்களும் எழுதலாம்; ஆனால் தேதியை அப்படியே படியெடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். கிரேக்க அரசு 1923 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியைத்தான் பின்பற்றியது. அந்த ஆண்டு இன்றைய நாள்காட்டிக்கு மாறியபோது, பிப்ரவரி 15க்கு மறுநாள் மார்ச் 1. இடையிலுள்ள 13 தேதிகள் அங்கே வரவே இல்லை. அதற்கு முந்தைய நிகழ்ச்சிகளுக்கு நூல்களில் இரண்டு தேதிகளைப் பார்ப்பீர்கள். பழைய தேதியோடு 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாள், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13 நாள் கூட்டினால் இன்றைய கணக்கு கிடைத்துவிடும். கிரேக்கக் கவிஞர் கவாஃபி பிறந்தது 1863 ஏப்ரல் 17, பழைய கணக்கில். கூட்டிப் பாருங்கள்: ஏப்ரல் 29. 1933இல் அவர் மறைந்ததும் அதே ஏப்ரல் 29தான்!

அக்டோபர் 9 தாளில் என் எழுத்து ஓரம்வரை நிறைந்திருக்கிறது. கிரேக்கத்தின் முதல் ஆளுநர் கபோதிஸ்திரியாஸ் 1831இல் நாஃப்பிலியோ நகரில் கொல்லப்பட்ட நாள். பழைய கணக்கில் அது செப்டம்பர் 27. இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை. தேதி மாறினாலும் கிழமை மாறாது. கூட்டல் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ‘கொல்லப்பட்டார்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. மானி பகுதித் தலைவர் பெத்ரோபேயை அவர் சிறையில் வைத்திருந்தார். அந்தத் தலைவரின் சகோதரரும் மகனும் தேவாலய வாசலில் காத்திருந்து, வழிபாட்டுக்கு வந்தவரைக் கொன்றார்கள். சுவரில் குண்டு பட்ட தடத்தைக் கண்ணாடி போட்டு இன்றும் காக்கிறார்கள். காரணம், இடம், எஞ்சிய தடயம் மூன்றையும் தேடி எழுதுங்கள்.

விழா நாளுக்கு மட்டும் எதையும் கூட்டாதீர்கள். ஆட்டோமான் ஆட்சியை எதிர்த்த 1821 எழுச்சியைப் பழைய தேதியான மார்ச் 25இலேயே இன்றும் கொண்டாடுகிறார்கள்.

கி.மு. நிகழ்ச்சிகளில் நாள் கிடைப்பது அரிது. கிடைத்தால் விடாதீர்கள். அலெக்சாந்தர் மறைந்த கி.மு. 323 ஜூன் 11, பாபிலோனிய வானியலாளரின் களிமண் பலகையிலிருந்து கணக்கிட்டது. அரசன் இறந்தான் என்று பொறித்தவர், அதையடுத்து வானத்து மேகங்களைக் குறித்திருக்கிறார். அந்த மேகங்களையும் என் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.