ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் புதிய பூலியன் ஃபீல்ட் சேர்ப்பது எப்படி

நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகு பதியும் தளம் ஒன்றை ஜாங்கோவில் (பைத்தன் மொழியில் இணையதளம் கட்டும் கருவி) வைத்திருக்கிறீர்கள், பழைய பதிவுகள் நிறைய இருக்கின்றன, இப்போது 'காசு கட்டியாச்சா' என்று ஒரு பூலியன் ஃபீல்ட், அதாவது ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதியும் புலம், வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டீஃபால்ட் (எதுவும் சொல்லாவிட்டால் தானாக விழும் மதிப்பு) கொடுக்காமல் மேக்மைக்ரேஷன்ஸ் (தரவுத்தள மாற்றங்களை மைக்ரேஷன் என்ற கோப்பாக எழுதும் கட்டளை) ஓட்டினால், பழைய வரிசைகளுக்கு என்ன மதிப்பு போடுவது என்று அது உங்களிடமே கேட்கும். அவசரப்பட்டு ஃபால்ஸ் (இல்லை) என்று அடித்துவிடாதீர்கள். போன மாதமே காசு கட்டிப் போய்வந்தவர்கூட உங்கள் தளத்தில் கடன்காரராகிவிடுவார், அது அநியாயம்.

சரி, மூன்று படியாகச் செய்யுங்கள். முதலில் நல்=ட்ரூ, அதாவது காலியாக இருக்கலாம் என்று போட்டு மைக்ரேட் செய்யுங்கள், அதாவது மைக்ரேஷனைத் தரவுத்தளத்தில் ஓட்டுங்கள்; ஜாங்கோ 2.1 பதிப்பிலிருந்து பூலியன்ஃபீல்டே இதை ஏற்கும், இதற்கென்றே இருந்த பழைய நல்பூலியன்ஃபீல்ட் 4.0இல் நீக்கப்பட்டுவிட்டது. அப்புறம் வெற்று மைக்ரேஷன் ஒன்றை உருவாக்கி, ரன்பைத்தன் (மைக்ரேஷனுக்குள் பைத்தன் நிரலை ஓட்டும் வழி) வழியாகப் பற்றுச்சீட்டு எண் உள்ள வரிசைகளுக்கு ட்ரூ, மற்றவற்றுக்கு ஃபால்ஸ் என்று நிரப்புங்கள். அங்கே மாடலை (அட்டவணையின் வடிவத்தைச் சொல்லும் நிரல்) நேரடியாக இம்போர்ட் செய்யாமல் ஆப்ஸ்.கெட்_மாடல் மூலம் எடுங்கள், ஏனென்றால் நாளைக்கு மாடல் மாறினாலும் இந்த மைக்ரேஷன் அன்றிருந்த வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். கடைசியாக நல்=ட்ரூவை எடுத்துவிட்டு, டீஃபால்ட்=ஃபால்ஸ் வைத்து இன்னொரு மைக்ரேஷன்.

இதற்கெல்லாம் முன்னால் தரவுத்தளத்தை பேக்கப் எடுத்துவிடுங்கள்.