பால் இயந்திரங்களைக் கழற்றாமல் கழுவும்போது விடும் பிழைகள்

பாஸ்ரரைசர் (பாலைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் இயந்திரம்), பால் தாங்கி, குழாய்கள் எதையும் கழற்றாமல், கழுவும் திரவத்தைப் பம்ப் மூலம் உள்ளே சுற்றவிட்டுச் சுத்தம் செய்வதைத் தொழிலில் சி.ஐ.பி என்பார்கள். நல்ல முறைதான். ஆனால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பம்ப் ஓடிவிட்டது, ஆகவே கழுவப்பட்டுவிட்டது என்று நம்புவதில்தான் பிழைகள் தொடங்குகின்றன.

யாழ்ப்பாணத்தில் யோகட், ஐஸ்கிறீம் செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் கிணற்றுத் தண்ணீரை. நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் பாஸ்ரரைசரின் தட்டுகளிலும் வரும். போதாததற்கு, இப்படிச் சுண்ணாம்பு கரைந்த வன்தண்ணீரில், கழுவப் பயன்படும் காரமான கோஸ்டிக் சோடாவைக் கரைத்தால் கல்சியமும் மக்னீசியமும் உடனே பிரிந்து படியத் தொடங்கும். பாலில் உள்ள கல்சியமும் புரதமும் அதோடு சேர்ந்தால் பாற்கல் உருவாகிவிடும். அதற்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளைக் குளோரின் எளிதில் எட்டாது. தண்ணீர் மென்மையான இடத்துக்கு எழுதிய கையேட்டை இங்கே அப்படியே பின்பற்றாதீர்கள். தண்ணீரின் வன்மையைச் சோதித்துப் பாருங்கள். மென்னீராக்கும் கருவி பூட்டலாம். முடியாவிட்டால், வன்தண்ணீருக்கென்றே தயாரித்த கழுவு ரசாயனத்தை வாங்குங்கள். முக்கியமாக, செலவு மிச்சம் என்று அமிலக் கழுவலை விட்டுவிடாதீர்கள். கோஸ்டிக் கொழுப்பையும் புரதத்தையும் எடுக்கும். பாற்கல்லை எடுப்பது அமிலம்தான்.

அடுத்தது முதல் அலசல். பால் ஓடி முடிந்ததும் கொதிநீரை விட்டால் நன்றாகக் கழுவும் என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்மாறாகத்தான் நடக்கும்: சூட்டில் புரதம் உறைந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். மிகவும் குளிர்ந்த தண்ணீர் என்றால் கொழுப்பு இறுகும். 40 முதல் 45 பாகை வெதுவெதுப்பான தண்ணீரை, பால் காய்வதற்கு முன், வெளியே தெளிவாக வரும்வரை விடுங்கள். இந்த அலசலைச் சரியாகச் செய்தால் அழுக்கின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

பிறகு கோஸ்டிக். பொதுவாக 1 முதல் 1.5 வீதக் கரைசல், 70 முதல் 80 பாகை. இந்தச் சூட்டைக் கரைசல் தாங்கியில் அளந்துவிட்டுத் திருப்திப்படுவது பெரும் பிழை. நீளமான குழாய்களில் சுற்றி வருவதற்குள் சூடு இறங்கிவிடும். திரும்பி வரும் குழாயில் வெப்பமானி வையுங்கள். அங்கே சூடு வந்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். கோஸ்டிக்கைத் தண்ணீருக்குள் மெல்ல மெல்லப் போடுங்கள். கோஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பால் கேன்களுக்கு இந்தக் கரைசல் ஆகவே ஆகாது, அரித்துவிடும்.

ஓட்டத்தின் வேகத்தைப் பற்றி அதிகம் பேர் கேட்பதே இல்லை. குழாய்க்குள் திரவம் செக்கனுக்கு 1.5 மீற்றராவது ஓட வேண்டும். 2 அங்குலக் குழாய்க்கு அது மணிக்குச் சுமார் 10,000 லீற்றர். பால் ஓட்டும் சின்னப் பம்பையே கழுவவும் பயன்படுத்தினால் திரவம் தேங்கித் தேங்கித்தான் போகும். எவ்வளவு கோஸ்டிக் கூட்டினாலும் அது ஈடாகாது. நீண்ட கிளைக்குழாய்களின் முனைகளில் ஓட்டமே இருக்காது. அவற்றை வெட்டிக் குறுக்குவதுதான் வழி. தாங்கிக்குள் திரவத்தைச் சுற்றிலும் தெளிக்கும் துளைகளுள்ள தெளிப்புப் பந்தையும் அடிக்கடி பாருங்கள். ஓரிரு துளை அடைத்தாலே அந்தப் பக்கச் சுவரில் திரவம் படாமல் போகும்.

சூடான கழுவலுக்குப் பிறகு மூடிய தாங்கிக்குள் குளிர்நீரைத் தெளிக்கவே கூடாது. உள்ளே ஆவி சட்டென ஒடுங்க, தாங்கி உள்நோக்கி நசுங்கிவிடும். காற்றுப் போகும் வழி திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

குளோரினும் அமிலமும் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். இடையில் நன்றாக அலச வேண்டும். குளோரின் கரைசலை இரவு முழுக்க உள்ளே விட்டுவிட்டுப் போவதும் பிழை. துருப்பிடிக்காத உருக்கு என்றாலும் குளோரைட்டு அதில் குழி பறிக்கும். கரையோரச் சவர்க் கிணறுகள் உள்ள இடங்களில் இந்த ஆபத்து இன்னும் கூட. உற்பத்திக்குச் சற்று முன்பு, சூடாக்காத கரைசலைக் குறைந்த நேரம் விட்டால் போதும்.

கழற்றாமல் கழுவலாம் என்பதற்காக ஒருநாளும் கழற்றக் கூடாது என்றில்லை. ரப்பர் வாஷர்களையும் வால்வுகளையும் இடைக்கிடை திறந்து, வெடிப்பு, வழுவழுப்பு, மணம் இருக்கிறதா பாருங்கள்.

கடைசி அலசலில் அவசரப்பட்டால் ரசாயனம் மிஞ்சும். மிஞ்சியது பாலில் கலப்பதே ஆபத்து. யோகட் உறை சரியாக வேலை செய்யாமலும் போகலாம். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பிஎச் தாளால் சோதிக்கும்போது வெளியே வரும் தண்ணீரை மட்டும் பார்க்காமல், கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு தாளை நனைத்து ஒப்பிடுங்கள், ஏனென்றால் நம் தண்ணீரே சற்றுக் காரமாக இருக்கலாம். இரண்டு தாளும் ஒரே நிறம் காட்டும்வரை அலச வேண்டும்.